இடைமறிப்புக் கருவி: நிறுவுவதற்கு முன் எழுதிப் பாருங்கள்

செயலி, கோரிக்கையை அனுப்பிவிட்டதாகச் சொல்கிறது. சர்வர் பதிவில் அது இல்லை. அல்லது இருக்கிறது, ஆனால் கோரிக்கையோடு போக வேண்டிய ஹெடர் என்ற தகவல் வரிகளில் ஒன்று காணவில்லை. செயலியை எழுதியவரும் சர்வரைக் கவனிப்பவரும் ஆளுக்கொரு பக்கம் நின்று வாதாடும்போது, நடுவழியில் நின்று பார்த்துச் சொல்ல ஒருவர் இருந்தால் சிக்கல் சில நிமிடத்தில் அவிழ்ந்துவிடும். அந்த நடு ஆள்தான் இடைமறிப்பு ப்ராக்சி.

திறமூலத்தில் இதற்கு நல்ல கருவிகள் உண்டு. எதை எடுப்பது என்று கேட்பவர்களுக்கு வசதிகளை அடுக்கிக் காட்டும் அட்டவணைகளும் ஏராளமாகக் கிடைக்கின்றன. நான் வேறோர் அளவுகோலை வைத்துப் பார்க்கச் சொல்வேன். நீங்கள் நிறுவிய விதத்தை ஒரு பக்கத்துக்குள் எழுதிக் கொடுங்கள். இந்தக் கருவியைத் தொட்டே பார்க்காத ஒருவர் அதை மட்டும் வைத்துக்கொண்டு நிறுவ வேண்டும், வேலை முடிந்ததும் கணினியைப் பழையபடி ஆக்கவும் வேண்டும். இந்தச் சோதனையில் தேறும் கருவியும் நிறுவல் முறையும்தான் ஒரு குழுவில் நிலைக்கின்றன. மற்றவை முதலில் நிறுவியவரின் கணினியோடு நின்றுவிடுகின்றன. அவர் விடுப்பில் போன அன்று யாராலும் எதையும் பார்க்க முடியாது.

எழுதக் கடினமான இடம் எது

கருவி எதுவானாலும் உள்ளே நடப்பது ஒன்றுதான். எச்டிடிபிஎஸ் வழியே போவது குறியாக்கம் செய்யப்பட்டது. நடுவில் நிற்கும் ப்ராக்சி அதைப் படிக்க வேண்டுமானால், உலாவியிடம் தன்னையே அந்தத் தளமாகக் காட்டிக்கொள்ள வேண்டும். அதற்காகக் கருவி தனக்கென ஒரு ரூட் சான்றிதழை உருவாக்கி வைத்துக்கொள்கிறது. நீங்கள் திறக்கும் ஒவ்வொரு தளத்துக்கும் அந்த ரூட்டைக் கொண்டு கையொப்பமிட்ட சான்றிதழை அந்தக் கணமே தயாரித்து நீட்டுகிறது.

ஆக, உங்கள் கணினியில் இரண்டு மாற்றங்கள் நடந்தாக வேண்டும். போக்குவரத்தை ப்ராக்சி பக்கம் திருப்புவது ஒன்று, அந்த ரூட் சான்றிதழை நம்பும்படி கணினிக்குச் சொல்வது மற்றொன்று. திருப்புவதில் பிசகினால் இணையமே நின்றுபோய் உடனே காட்டிக்கொடுத்துவிடும். சான்றிதழ் அப்படியல்ல. சேர்த்த நாளில் கவனத்தில் இருக்கும், பிறகு சத்தமில்லாமல் அங்கேயே கிடக்கும். இந்த இரண்டையும் எப்படிச் செய்வது, எப்படித் திரும்ப எடுப்பது என்பதில்தான் கருவிக்குக் கருவி, முறைக்கு முறை வேறுபாடு இருக்கிறது. கீழே வரும் ஒப்பீடு முழுக்க அதைச் சுற்றித்தான்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் செயலி, உங்கள் சாதனம், அல்லது எழுத்தில் அனுமதி பெற்ற அமைப்பு: இவற்றில் மட்டுமே இதைப் பயன்படுத்த வேண்டும். உங்கள் ஆவணத்தின் முதல் வரியாகவும் இதையே வையுங்கள்.

மூன்று கருவிகள்

மிட்ம்ப்ராக்சி 2010இல் ஆல்டோ கோர்டேசி தொடங்கியது. பைத்தானில் எழுதப்பட்டது, எம்ஐடி உரிமம் கொண்டது. ஒரே நிறுவலில் மூன்று முகங்கள் கிடைக்கின்றன. டெர்மினலிலேயே ஓடும் மிட்ம்ப்ராக்சி, உலாவியில் பார்க்கும் மிட்ம்வெப், திரையே இல்லாமல் ஸ்கிரிப்டுகளுக்குள் ஓடும் மிட்ம்டம்ப். ப்ராக்சி 8080ஆம் போர்ட்டில் காத்திருக்கும், மிட்ம்வெப்பின் பக்கம் 8081இல் திறக்கும். சின்ன பைத்தான் கோப்பு ஒன்றை எழுதி, வரும் கோரிக்கையையோ போகும் பதிலையோ நடுவிலேயே மாற்றலாம். குறிப்பிட்ட ஒரு பதிலுக்குப் பதிலாக 500 பிழையை (சர்வர் கோளாறு) திருப்பிக் கொடுத்து, செயலி அதை எப்படித் தாங்குகிறது என்று பார்க்க நான் அடிக்கடி நாடுவது இதைத்தான்.

ஸாப் தொடங்கியதும் அதே 2010இல்தான். பாரோஸ் என்ற பழைய ப்ராக்சியிலிருந்து கிளையாகப் பிரித்து சைமன் பெனட்ஸ் உருவாக்கினார். நெடுங்காலம் ஒவாஸ்ப் என்ற வலைப் பாதுகாப்பு அமைப்பின் திட்டமாக இருந்து, 2023இல் அதிலிருந்து விலகி, 2024 முதல் செக்மார்க்ஸ் நிறுவனத்தின் ஆதரவில் வளர்கிறது. அப்பாச்சி 2.0 உரிமம் மாறவில்லை. இது வெறும் ப்ராக்சி அல்ல, பாதுகாப்புக் குறைகளைத் தேடும் ஸ்கேனரும் கூட. ஒரு தளத்தை முறையாகச் சோதித்து அறிக்கை எடுக்க வேண்டுமானால் தயங்காமல் ஸாப்பை எடுங்கள், அதன் ஆட்டோமேஷன் திட்டங்களை யாமெல் என்ற எளிய உரைக் கோப்பாக எழுதி வைக்கலாம். "இந்தக் கோரிக்கையில் என்ன போகிறது" என்ற ஒரே கேள்விக்கு மட்டும் அது பெரிய கருவி. புதிய பதிப்புகளுக்கு ஜாவா 17 வேண்டும். விண்டோஸிலும் லினக்ஸிலும் அதைத் தனியாக நிறுவ வேண்டும், மேக் தொகுப்பில் மட்டும் ஜாவா உள்ளேயே வருகிறது. அதாவது, உங்கள் ஆவணத்தில் ஜாவாவுக்கென்று ஒரு பத்தி கூடுகிறது.

ஸாப்பின் வரலாறு ஆவணம் எழுதுபவருக்கு ஒரு பாடமும் வைத்திருக்கிறது. அதன் டாக்கர் இமேஜ்கள் (தேவையானதெல்லாம் சேர்த்துக் கட்டிய மென்பொருள் தொகுப்புகள்) முன்பு ஒவாஸ்ப் பெயரின் கீழ் இருந்தன, இப்போது ஸாப்பின் சொந்தப் பெயரில் இருக்கின்றன. பழைய பெயரைப் பிரதி எடுத்து வைத்திருக்கும் வழிகாட்டிகள் இன்னும் எத்தனையோ சுற்றிக்கொண்டிருக்கின்றன. அவற்றைப் பின்பற்றுபவர் புதுப்பிக்கப்படாத இமேஜை இறக்கிக்கொள்வார், வேலை செய்வதுபோலவே தோன்றும்.

எச்டிடிபி டூல்கிட் மூன்றாவது. டிம் பெரி உருவாக்கியது, ஏஜிபிஎல் உரிமத்தில் திறமூலம், சில மேம்பட்ட வசதிகளுக்குச் சந்தா உண்டு. மேலே சொன்ன இரண்டு மாற்றங்களையும் உங்களுக்காகத் தானே செய்துகொள்வது இதன் சிறப்பு. "குரோம்" என்ற பொத்தானை அழுத்தினால், தன் சான்றிதழை நம்பும் தனிச் சுயவிவரத்தோடு ஒரு குரோம் சாளரம் திறக்கும். உங்கள் வழக்கமான உலாவியை அது தொடுவதில்லை. டெர்மினலுக்கும் ஆண்ட்ராய்டு எமுலேட்டருக்கும் இதே போல் வழி வைத்திருக்கிறது. சாளரத்தை மூடினால் மாற்றமும் போய்விடும். கோடு (நிரல்) எழுதாத சோதனையாளர் ஒருவருக்கு நான் பரிந்துரைப்பது இதுதான், ஏனென்றால் அவருக்கு எழுதித்தர வேண்டியது நான்கு வரி.

இதே வேலையைச் செய்யும் பர்ப் சூட்டின் இலவசப் பதிப்பு திறமூலம் அல்ல என்பதால் இங்கே சேர்க்கவில்லை. வயர்ஷார்க் திறமூலம்தான், ஆனால் பாக்கெட்டுகளைக் கேட்பது அதன் வேலை. டிஎல்எஸ் சாவிகளை (எச்டிடிபிஎஸ் குறியாக்கத்தின் சாவிகள்) தனியாகக் கொடுக்காவிட்டால் உள்ளடக்கத்தைக் காட்டாது, நடுவில் எதையும் மாற்றவும் செய்யாது.

மூன்றில் ஒன்று என்றால் என் தேர்வு மிட்ம்ப்ராக்சி. காரணம் அதன் வசதிகள் மட்டுமல்ல. அதன் அமைப்புகள் முழுவதும் எழுத்தாக இருக்கின்றன: கட்டளை வரி, ஒரு யாமெல் கோப்பு, தேவைப்பட்டால் ஒரு பைத்தான் கோப்பு. மெனுவுக்குள் மெனு திறந்து ஒரு சதுரத்தில் டிக் அடிக்கச் சொல்ல வேண்டிய இடமே கிட்டத்தட்ட இல்லை. எழுத்தில் இருப்பதை எழுத்தில் ஆவணப்படுத்துவது எளிது. இனி வரும் நிறுவல் பேச்சு முழுக்க இதைப் பற்றியே.

எந்த வழியில் நிறுவுவது

மேக்கில் யோசிக்க ஒன்றுமில்லை. ஹோம்ப்ரூவில் ஒரே கட்டளை, புதுப்பிக்கவும் நீக்கவும் அதே வழி. விண்டோஸில் அதிகாரபூர்வ இன்ஸ்டாலர் போதும்.

லினக்ஸில்தான் கைகள் தவறான பக்கம் போகும். பழக்கதோஷத்தில் டிஸ்ட்ரோவின் தொகுப்பு மேலாளரைத் தட்டுவோம். அங்கே கிடைப்பதை மிட்ம்ப்ராக்சி குழுவினர் பராமரிப்பதில்லை, அது பெரும்பாலும் பின்தங்கிய பதிப்பு. இதனால் வரும் தொல்லை நேரடியாகத் தெரியாது. ஆவணத்தில் நீங்கள் குறிப்பிடும் விருப்பத்தேர்வு ஒன்று உங்களிடம் வேலை செய்யும், இன்னொருவரிடம் "அப்படி ஒன்று இல்லை" என்று கைவிரிக்கும். வயர்கார்டு என்ற விபிஎன் வழியாக மொபைலை எளிதாக இணைக்கும் முறையே 2022இல் வந்த 9ஆம் பதிப்பில்தான் சேர்ந்தது. அதைவிடப் பழைய தொகுப்பை வைத்திருப்பவருக்கு உங்கள் ஆவணத்தின் பாதி விளங்காது.

அதனால் லினக்ஸில் தளத்திலிருந்து நேரடியாகத் தனித்து இயங்கும் பைனரிகளை இறக்குங்கள். பைத்தானும் அதற்குள்ளேயே அடங்கியிருப்பதால் கணினியில் எந்தப் பைத்தான் இருக்கிறது என்ற கவலை இல்லை. சுருக்கத்தைப் பிரித்து ஒரு கோப்புறையில் வைத்தால் முடிந்தது, நீக்குவதென்றால் அதை அழித்தால் போதும். குறை ஒன்று உண்டு. உங்கள் ஸ்கிரிப்ட் வெளியிலுள்ள பைத்தான் நூலகம் ஒன்றைக் கேட்டால் இந்தப் பைனரிக்குள் அதைச் சேர்க்க முடியாது. அப்போது மட்டும் பிப்எக்ஸ் அல்லது யூவி என்ற பைத்தான் நிறுவல் கருவி வழியாக நிறுவுங்கள், அது தனிச் சூழலில் உட்கார்ந்துகொள்ளும், வேண்டிய நூலகத்தை அந்தச் சூழலுக்குள் செலுத்தலாம். கணினியின் பொதுப் பைத்தானுக்குள் நேராக நிறுவுவதை மட்டும் தவிர்த்துவிடுங்கள். இதற்குச் சார்ந்திருக்கும் நூலகங்கள் பல, ஏதோ ஒன்றின் பதிப்பு மற்றொரு மென்பொருளோடு மோதும்.

டாக்கரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் "எல்லோருக்கும் ஒரே சூழல்" என்ற வாக்குறுதியில் மயங்கி எங்கள் குழுவில் முதலில் தேர்ந்தெடுத்தது அதைத்தான். ஆவணம் ஒரே வரியாக இருந்தது, எனக்கும் பெருமையாக இருந்தது. அடுத்த நாள் காலையில் எல்லோருடைய உலாவியிலும் சான்றிதழ் எச்சரிக்கை. கண்டெய்னர் (டாக்கர் இமேஜ் ஓடும் தனிச் சூழல்) மூடியதும் அதற்குள் உருவான ரூட் சான்றிதழும் அழிந்துபோனது, மறுபடி ஓட்டியபோது புதிதாக ஒன்று பிறந்தது. நேற்று நம்பச் சொன்ன சான்றிதழுக்கும் இன்றைக்குக் கருவி வைத்திருப்பதற்கும் தொடர்பே இல்லை. சிலர் புதியதையும் சேர்த்தார்கள். இரண்டு வாரத்தில் ஒருவரின் கணினியில் ஒரே பெயரில் ஐந்து ரூட் சான்றிதழ்கள் இருந்தன. எது உயிருள்ளது என்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

தீர்வு எளிதுதான். உங்கள் ஹோம் கோப்புறையில் புள்ளியில் தொடங்கும் மிட்ம்ப்ராக்சி கோப்புறையை, கண்டெய்னருக்குள் அதே பெயரிலுள்ள கோப்புறையோடு வால்யூமாக இணைத்துவிட வேண்டும். சான்றிதழ் வெளியே தங்கும். ஆனால் அத்தோடு ஒரு வரி ஆவணம் மூன்று வரியாகிறது. மிட்ம்வெப்பைப் பயன்படுத்த 8081ஐயும் திறக்க வேண்டும், அது எல்லா முகவரியிலும் கேட்கும்படி ஒரு விருப்பத்தேர்வையும் கொடுக்க வேண்டும். அப்புறம் இன்னொரு குழி: உங்கள் கணினியில் ஓடும் சோதனை சர்வரை லோக்கல்ஹோஸ்ட் ("இதே கணினி" என்று பொருள்படும் முகவரி) என்று அழைத்தால், கண்டெய்னருக்குள் இருக்கும் ப்ராக்சிக்கு லோக்கல்ஹோஸ்ட் என்பது அந்தக் கண்டெய்னரேதான். கோரிக்கை எங்கும் போய்ச் சேராது. தானியங்கிச் சோதனைகள் ஓடும் சிஐ சர்வருக்கு டாக்கர் நன்று, அங்கே மிட்ம்டம்ப்பை அப்படித்தான் ஓட்டுகிறோம். மனிதர் உட்கார்ந்து வேலை செய்யும் கணினிக்கு நான் இனி அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

சான்றிதழ்: ஆவணம் நீளும் இடம்

கருவியை நிறுவுவது இரண்டு வரி என்றால் சான்றிதழ் அரைப் பக்கம். காரணம், "கணினி நம்புகிறது" என்பது ஒரே இடத்தில் முடிவதில்லை. விண்டோஸும் மேக்கும் தங்கள் கிடங்கில் வைத்துக்கொள்கின்றன. ஃபயர்ஃபாக்ஸ் தனக்கென ஒரு கிடங்கு வைத்திருக்கிறது. ஜாவா தன் சாவிக் கிடங்கைத்தான் பார்க்கும். பைத்தானின் ரிக்வெஸ்ட்ஸ் நூலகம் தன்னோடு வரும் சான்றிதழ்த் தொகுப்பைப் பார்க்கும், நோடுக்கோ ஒரு சூழல் மாறி வழியாகத் தனியே சொல்ல வேண்டும். ஐபோனில் சுயவிவரத்தை நிறுவினால் மட்டும் போதாது, அமைப்புகளிலுள்ள அறிமுகப் (அபௌட்) பக்கத்தின் அடியிலுள்ள சான்றிதழ் நம்பிக்கை அமைப்பில் போய் அதை முழுமையாக இயக்க வேண்டும். அங்கே விட்டுவிட்டு "வேலை செய்யவில்லை" என்று திரும்பி வந்தவர்களை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

ஆண்ட்ராய்டு இன்னும் கண்டிப்பு. 2016இல் வந்த 7ஆம் பதிப்பு முதல், பயனர் சேர்த்த சான்றிதழைச் செயலிகள் இயல்பாக நம்புவதில்லை. உங்கள் சொந்தச் செயலி என்றால் அதன் நெட்வொர்க் பாதுகாப்பு அமைப்புக் கோப்பில், சோதனைப் பதிப்புக்கு மட்டும் பயனர் சான்றிதழை நம்பும்படி எழுதிவிடலாம். இதுவே சுத்தமான வழி, ஏனென்றால் அது கோடோடு சேர்ந்து ரெப்போவிலேயே (கோடு வைக்கும் களஞ்சியம்) ஆவணமாகிவிடுகிறது. சான்றிதழைப் பின்னிங் செய்திருக்கும், அதாவது குறிப்பிட்ட சான்றிதழை மட்டுமே ஏற்கும் செயலியில் இதுவும் போதாது, சோதனைப் பதிப்பில் பின்னிங்கை அணைக்க வேண்டியிருக்கும்.

போக்குவரத்தைத் திருப்பும் பாதியில் மட்டும் புதிய பதிப்புகள் நிறைய உழைப்பைக் குறைத்திருக்கின்றன. லோக்கல் முறையில் ஒரு நிரலின் பெயரைக் கொடுத்தால் அந்த நிரலின் போக்குவரத்தை மட்டும் பிடிக்கும், கணினியின் ப்ராக்சி அமைப்பைத் தொடவே வேண்டாம். மொபைலுக்கு வயர்கார்டு முறை. மிட்ம்வெப் காட்டும் கியூஆர் குறியை வயர்கார்டு செயலியில் ஸ்கேன் செய்தால் போதும். கணினியின் ப்ராக்சி அமைப்பையே மதிக்காத செயலிகள் உண்டு, ஃப்ளட்டரில் எழுதியவை பெரும்பாலும் அப்படி. அவையும் இதில் அகப்படும். எங்கள் ஆவணத்தில் வைஃபை அமைப்புக்குள் போய் முகவரியும் போர்ட்டும் தட்டச் சொன்ன ஒரு முழுப் பத்தியை இதனால் அழித்தோம். சான்றிதழ்ப் பத்தி மட்டும் அப்படியே இருக்கிறது, எந்த முறையும் அதைக் குறைக்கவில்லை.

அந்த ரூட் சான்றிதழையும், அதைக் கொண்டு கையொப்பமிட உதவும் இரகசியமான தனிச் சாவியையும் ஏன் இவ்வளவு பெரிதாகப் பேசுகிறேன் என்று கேட்கலாம். 2015இல் வெளிவந்த சூப்பர்ஃபிஷ் விவகாரத்தை நினைவுபடுத்துகிறேன். லெனோவோ மடிக்கணினிகளில் முன்பே நிறுவப்பட்டு வந்த அந்த மென்பொருளும் இதே நுட்பத்தில்தான் எச்டிடிபிஎஸ் பக்கங்களுக்குள் விளம்பரம் செருகியது. எல்லாக் கணினியிலும் ஒரே ரூட் சான்றிதழ், ஒரே தனிச் சாவி. அந்தச் சாவியை ஆய்வாளர்கள் வெளியே எடுத்ததும், அதை நம்பும் எந்தக் கணினியையும் யார் வேண்டுமானாலும் ஏமாற்றலாம் என்ற நிலை வந்தது. மிட்ம்ப்ராக்சி ஒவ்வொரு நிறுவலிலும் தனித்தனியாகச் சான்றிதழ் உருவாக்குவது இந்த ஆபத்தைத் தவிர்க்கத்தான். "எல்லோருக்கும் வசதியாக இருக்கட்டும்" என்று ஒரே சான்றிதழைச் சாவியோடு ரெப்போவில் போட்டுவைக்கும் குழு, அதே தவறைச் சிறிய அளவில் தானே செய்துகொள்கிறது.

எழுதி வைக்கும் மூன்று வழிகள்

விக்கியில் திரைப்பிடிப்புகளோடு எழுதுவது பலரும் முதலில் செய்வது. படிக்க இதமாக இருக்கும், எழுதவும் ஒரு மாலை போதும். ஆனால் இயங்குதளம் ஒருமுறை புதுப்பிக்கப்பட்டால் படத்திலுள்ள பொத்தான் இடம் மாறியிருக்கும். படத்தைத் தேட முடியாது, வரிக்கு வரி ஒப்பிட முடியாது, யார் எப்போது மாற்றினார் என்பதும் தெளிவாகத் தெரியாது.

எல்லாவற்றையும் ஒரு ஸ்கிரிப்டாக எழுதிவிடுவது எதிர்ப்பக்கம். ஓட்டினால் நிறுவிவிடும், சான்றிதழையும் சேர்த்துவிடும். எனக்கு இதில் உறுத்தல் உண்டு. தன் கணினியின் நம்பிக்கைக் கிடங்கில் என்ன சேர்ந்தது என்று தெரியாமலேயே ஒருவர் நிர்வாகி கடவுச்சொல்லைத் தட்டிவிடுகிறார். சேர்த்தது தெரியாதவர் நீக்கவும் மாட்டார்.

நான் நிற்பது நடுவில்: செயலியின் கோடு இருக்கும் அதே ரெப்போவில் ஒரு ரீட்மீ கோப்பு, பக்கத்தில் யாமெல் அமைப்பும் பைத்தான் ஆட்-ஆன்களும். சலிப்பான படிகளுக்கு மட்டும் ஸ்கிரிப்ட், சான்றிதழ் சேர்ப்பதும் நீக்குவதும் மனிதர் கையால். கோடு மாறும்போது அதே கமிட்டில் ஆவணமும் மாறுகிறது, மறுபரிசீலனை செய்பவர் இரண்டையும் சேர்த்தே பார்க்கிறார்.

அந்த ரீட்மீயில் பதிப்பு எண் இருக்க வேண்டும். "எல்லாம் சரியாக இருக்கிறதா" என்று தெரிந்துகொள்ளும் படியும் இருக்க வேண்டும், பெரும்பாலான ஆவணங்களில் விடுபடுவது இதுதான். மிட்ம்ப்ராக்சி இதற்கு அருமையான வசதி தந்திருக்கிறது. மிட்ம் டாட் ஐடி என்ற முகவரியைத் திறந்தால், ப்ராக்சி வழியே போகிறது என்றால் சான்றிதழ்களை இறக்கும் பக்கம் வரும். போகவில்லை என்றால் போகவில்லை என்றே சொல்லும் பக்கம் வரும். திருப்பும் பாதியும் சான்றிதழ்ப் பாதியும் எங்கே பிரிகின்றன என்பது இந்த ஒரு படியில் விளங்கிவிடும். லோக்கல்ஹோஸ்ட் பற்றியும் ஒரு வரி எழுதுங்கள். குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் லோக்கல்ஹோஸ்ட் கோரிக்கைகளை இயல்பாக ப்ராக்சிக்கு அனுப்புவதில்லை. "மற்றதெல்லாம் தெரிகிறது, என் சர்வர் மட்டும் தெரியவில்லை" என்ற கேள்விக்கு விடை அங்கேதான் இருக்கிறது. அண்மைப் பதிப்புகளில் மிட்ம்வெப் பக்கம் டோக்கன் கேட்கும், டெர்மினலில் அச்சாகும் முழு முகவரியை அப்படியே திறக்க வேண்டும் என்பதையும் சேர்த்துவிடுங்கள்.

பிடித்ததைச் சேமிப்பது பற்றி எச்சரிக்கை அவசியம். சேமித்த ஃப்ளோ கோப்பிலும் (மிட்ம்ப்ராக்சியின் பதிவு) ஹார் கோப்பிலும் (உலாவிப் போக்குவரத்தின் பதிவு) குக்கீகளும் டோக்கன்களும் கடவுச்சொற்களும் அப்படியே கிடக்கும். 2023 அக்டோபரில் தெரியவந்த ஊடுருவலில், உள்நுழைவுச் சேவை தரும் ஓக்டா நிறுவனத்தின் வாடிக்கையாளர் ஆதரவு அமைப்புக்குள் புகுந்தவர்கள் எடுத்தவற்றில், வாடிக்கையாளர்கள் பிழை ஆய்வுக்காக ஏற்றியிருந்த ஹார் கோப்புகளும் இருந்தன. அவற்றுக்குள் இருந்த செஷன் டோக்கன்களைக் கொண்டு சில வாடிக்கையாளர்களின் கணக்குகளுக்குள் நுழைய முயன்றார்கள். அதனால் பிழைச் சீட்டில் இணைக்கும் முன் அங்கீகார ஹெடரையும் குக்கீயையும் வெட்டும் ஆட்-ஆன் ஒன்றை எங்கள் ரெப்போவில் கூடவே வைத்திருக்கிறோம். இருபது வரிகூட இல்லை. ஃப்ளோ, ஹார், பெம் (சான்றிதழும் சாவியும் இருக்கும் கோப்பு) என முடியும் கோப்புகளை கிட் புறக்கணிப்புப் பட்டியலிலும் முதல் நாளே சேருங்கள்.

கடைசியாக நீக்கும் பகுதி. இதை நிறுவும் பகுதிக்கு முன்னால் எழுதிப் பாருங்கள் என்பேன், எது சிக்கலான வழி என்று அப்போதே புரிந்துவிடும். ப்ராக்சி அமைப்பை அணைத்து, பைனரிகளை அழித்து, ஒரு தளத்தைத் திறந்து பார்த்தால் பூட்டுக் குறி சரியாக இருக்கும், சான்றிதழைக் கொடுத்தவர் பெயரும் உண்மையானதாக இருக்கும். எல்லாம் முடிந்துவிட்டதாகத் தோன்றும். ஆனால் ரூட் சான்றிதழ் கிடங்கிலேயே இருக்கிறது. மிட்ம்ப்ராக்சி உருவாக்கும் ரூட்டுக்கு ஆயுள் பத்து ஆண்டு, அது வரை எந்த அறிகுறியும் காட்டாமல் அங்கேயே இருக்கும். எனவே எங்கள் ரீட்மீயின் கடைசிப் படி இப்படி முடிகிறது: கணினியின் கிடங்கைத் திறந்து மிட்ம்ப்ராக்சி என்ற பெயரைத் தேடு, ஃபயர்ஃபாக்ஸில் தனியாகத் தேடு, மொபைலில் தேடு, ஒவ்வோர் இடத்திலும் நீக்கு, ஹோம் கோப்புறையிலுள்ள மிட்ம்ப்ராக்சி கோப்புறையையும் அழி, பிறகு மறுபடி ஒருமுறை தேடி எதுவும் வரவில்லை என்று உறுதிசெய்.